கை காட்டிய பிறகு

எங்கள் எடைமேடையில் மணி கிடையாது, பச்சை விளக்கு கிடையாது. லாரி ஏறி நின்றதும் பக்கத்து அறைச் சன்னலிலிருந்து ஒரு கை நீளும். காற்றை இரண்டு தட்டுத் தட்டும். எடை எடுத்தாயிற்று, கிளம்பு என்று அர்த்தம். கையைப் பார்த்ததும் டிரைவர் கியரைப் போடுவான். மேடையை விட்டு இறங்கி ஓரங்கட்டிவிட்டு, நடந்து வந்து சன்னலில் சீட்டை வாங்கிக்கொண்டு போவான். ஒன்பது வருஷமாக அந்தக் கை தப்பினதில்லை. கைக்குச் சொந்தக்காரியைச் சீட்டம்மா என்று லாரிக்காரர்கள் கூப்பிடுவார்கள். எடைச் சீட்டு கொடுக்கிறவள் என்பதால் வந்த பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

நான் அதே வளாகத்துக் குடோனில் மூட்டை தூக்குகிறவன். மக்காச்சோளம், மாட்டுத் தீவனம், சில நாள் புண்ணாக்கு. குடியிருப்பதும் அவள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். நடுவில் ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவள் வேண்டாமென்று போட்ட சீட்டுகளைப் பார்த்துத்தான் நாற்பது வயசுக்கு மேல் நான் எழுத்துக் கூட்டினேன். முதலில் வண்டி எண், அப்புறம் சரக்கின் பெயர். அந்த நன்றியும் உண்டு, பக்கத்து வீட்டுப் பாசமும் உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவள் மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். லாரி ஆடி அடங்கியதும் எண் நிற்கும். எண் நின்றதும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்குவாள். கம்ப்யூட்டர் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டு அடிக்கும். அமுக்கின வலது கை எழுவதற்குள் இடது கை சன்னலுக்கு வெளியே போயிருக்கும். இரண்டும் ஒரே வேலை மாதிரி. அம்மி அரைக்கிறவளுக்கு ஒரு கை அரைக்க ஒரு கை தள்ளுமே, அப்படி.

கம்ப்யூட்டர், எடைமேடை கட்டின வருஷம் வாங்கினது. மேசைக்கடியில் சாம்பல் நிறப் பெட்டி. ஆரம்பத்தில் அதில் எடை போடுகிற வேலை ஒன்றுதான். பிறகு மொதலாளி குடோன் சரக்குக் கணக்கை அதற்குள் ஏற்றினார். பிறகு வைரஸ் வரக்கூடாது என்று ஒரு காவல்காரனை ஏற்றினார். அவன் மணிக்கொரு தரம் வீடு முழுக்கத் தேடுவான். அதற்கப்புறம்தான் பெட்டி திணற ஆரம்பித்தது. பட்டனை அமுக்கினால் திரை அப்படியே நிற்கும். பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன விளக்கு அணையாமல் எரியும். உள்ளே கறக் கறக் என்று ஒரு சத்தம். பத்து எண்ணுவதற்குள் சில நாள் வரும். சில நாள் முப்பது எண்ணினாலும் வராது.

அந்த வெயிலில் லாரிக்காரன் வாய் சும்மா இருக்குமா?

"சீட்டம்மா, சீட்டு இன்னிக்கா நாளைக்கா? நாளைக்குன்னா சொல்லுங்க, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

"பொட்டி தூங்குதா, நீங்க தூங்குறீங்களா?"

"ரெண்டு தட்டு தட்டுங்க. எங்க வீட்டு டிவி அப்படித்தான் வேலை செய்யுது."

அவள் சிரித்துச் சமாளிப்பாள். வரவில்லையென்றால் மறுபடி அமுக்குவாள். திரும்பவும் அமுக்குவாள். திடீரென்று பெட்டிக்கு உயிர் வந்து ஒரே லாரிக்கு மூன்று சீட்டு அடித்துத் தள்ளும். அதில் இரண்டைக் கசக்கிக் கூடையில் போடுவாள். அப்போதெல்லாம் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை முடிந்தது மொட்டையால். மொட்டை என்பது ஒரு பத்துச் சக்கர வண்டியின் டிரைவர். தலையில் முடி உண்டு. பெயர் எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. வெளியூரிலிருந்து சோளம் கொண்டுவந்து எங்கள் குடோனுக்கு விற்கிறவர்களிடம் ஓட்டினான். எடை போட்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனவன், பாதி டீயோடு ஓடி வந்தான்.

"சீட்டம்மா! இதென்ன அநியாயம்? இருபத்து நாலே முக்கா டன்னு ஏத்திட்டு வந்தேன். பதினெட்டு நானூத்தி இருபதுன்னு போட்டிருக்கீங்க. ஆறு டன்னு எங்க போச்சு? வழியெல்லாம் கொட்டிக்கிட்டே வந்தேனா? பின்னாடி ஒரு காக்கா கூட வரலியே!"

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"செவப்பு நம்பர் சரியாத்தான் இருந்துச்சுண்ணா. பார்த்துட்டுத்தான் அமுக்கினேன்."

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லல. வண்டிய மறுபடி ஏத்துங்க."

ஏற்றினான். இருபத்து நாலாயிரத்து அறுநூற்று எண்பது கிலோ. புதுச் சீட்டு கொடுத்தாள். மொட்டை சமாதானமாகிவிட்டான். அவளால் முடியவில்லை. வேலை முடிந்து நடந்து வரும்போது என்னிடம் சொன்னாள்: "நான்தான் எங்கியோ பராக்கு பார்த்துட்டு லேட்டா அமுக்கியிருப்பேன் போலண்ணே."

மொதலாளி முதல் தடவை சிரித்துவிட்டார். "கண்ணாடி மாத்தணுமாம்மா?" என்றார், தன்மையாகத்தான். மூன்று வாரம் கழித்து எங்கள் குடோனிலிருந்து தீவனம் ஏற்றிப்போன லாரிக்கு ஐந்தேகால் டன் குறைத்துச் சீட்டு போயிற்று. வாங்கின ஆளே அவர் பக்கத்து மேடையில் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். நல்ல மனுஷர். அவருடைய நல்ல குணமே இவளுக்கு வினையாயிற்று.

"இவரு யோக்கியன், போன் பண்ணிட்டாரு," என்றார் மொதலாளி. "பண்ணாதவன் எத்தனை பேரு? அவன் கிட்டேருந்து இங்க யாரு கைக்கு எவ்ளோ வந்துச்சோ?"

சன்னலுக்கு வெளியே மூட்டையோடு நின்ற எனக்கே சுருக்கென்றது. உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த வாரமே கேமரா வந்தது. முதலில் இரண்டு. மேடைக்கு ஒன்று, அவள் தலைக்கு மேலே ஒன்று. அதுவும் அதே பெட்டிக்குள்தான் ஓடியது. மொதலாளி வீட்டிலிருந்து கைப்போனில் பார்ப்பார். அவர் பார்க்கப் பார்க்கப் பெட்டி இன்னும் திணறியது. திணறத் திணறத் தப்புச் சீட்டு கூடியது. தப்புக் கூடக்கூட அவர் இன்னும் கூர்ந்து பார்த்தார். இதை இப்போது எழுதும்போது எளிதாக ஒரு வரியில் வந்துவிடுகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார். "வர்ற திங்கக்கெழமைலேருந்து என் மச்சினன் ஒக்காரட்டும். உன்ன வெரட்டல. நீ குடோன் பக்கம் கூட்டிப் பெருக்குற வேலைக்கு வா. ஏதோ குடுக்கிறேன்."

*

சீட்டம்மாவின் புருஷனை இன்னமும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டீயரிங்கைத் தொட்டு இரண்டு வருஷமாகிறது. முதுகெலும்பில் தட்டு விலகி, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்தார். சமையல் அவர்தான். உப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர்களுக்கு ஒரே மகள். பத்தாவது படித்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

செவ்வாய் சாயங்காலம் டிரைவர் சுவரைத் தட்டினார். வா என்று அர்த்தம். போனேன். சோறும் பருப்பும் முட்டையும் தட்டில் இருந்தன. யாரும் கை வைக்கவில்லை. சீட்டம்மா எழுந்துபோய் விளக்கின் ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு உடனே எரிந்தது. அவள் ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்பா, அம்மா ஹேங் ஆயிட்டா," என்றாள் மகள்.

"வாய மூடு!" டிரைவர் தட்டைத் தள்ளினார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டம்மா திரும்பினாள். கோபம் இல்லை முகத்தில். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவ சொல்றது நெசந்தான். எதை அமுக்கினாலும் கொஞ்ச நேரம் நிக்கணும்னு தோணுது. குழாயத் தொறந்தாலும் நிக்கிறேன். யாராச்சும் பேசினா, அது உள்ள போய்ச் சேர்றதுக்கு நேரம் ஆகுது. மண்டையில ஏதோ ஆயிடுச்சுண்ணே. மொதலாளி சொல்றதுல தப்பே இல்ல. அவரா இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டேங்கிறா," என்றார் டிரைவர் என்னிடம்.

"எதுக்கு? அவன் போட்டோ எடுப்பான், மூளை சின்னதாயிடுச்சும்பான். அப்புறம் பெருக்குற வேலை கூடக் கெடைக்காது."

"பெருக்குற வேலைக்கு நீ போவியா?"

"போகாம? நீங்க சமைக்கிறத சாப்பிட்டுட்டு உயிரோட இருக்கேன்ல. அதவிடவா கஷ்டம்?"

மகள் களுக்கென்று சிரித்தாள். டிரைவருக்கும் வாய் கோணியது. அதற்கப்புறம்தான் சாப்பிட்டோம். பருப்பில் உப்பே இல்லை, யாரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் டிரைவர் கேட்டார். "அந்தத் தப்புச் சீட்டெல்லாம் எங்க?"

அவள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். கூடையில் போடவேண்டியதையும் திரும்பி வந்ததையும் சேர்த்து வைத்திருந்தாள். சீட்டின் பின்னால் சரியான எடையைப் பென்சிலால் எழுதியிருந்தாள். பதினொரு சீட்டு. தன்மேல் தானே எழுதிக்கொண்ட புகார் மாதிரி இருந்தது.

டிரைவர் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். வண்டி எண்ணைப் படித்தார். அவருக்கு வண்டியெல்லாம் அத்துப்படி.

"இது மொட்டை வண்டி. பத்துச் சக்கரம். எவ்ளோ கொறைஞ்சது?"

"ஆறாயிரத்து எரநூத்தி அறுவது."

"இது தீவனம் போன ஆறு சக்கர வண்டி. இதுல?"

"அஞ்சே கால் டன்."

"இதுவும் ஆறு சக்கரம். இதுல?"

"அஞ்சு எரநூறு."

டிரைவர் ஒரு கையால் இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார். யோசிக்கும்போது அவர் அப்படிச் செய்வார்.

"திருடன் இப்படித் திருட மாட்டான்," என்றார். "திருடறவன் எரநூறு கிலோ, முன்னூறு கிலோன்னு எடுப்பான். தெரியாம எடுப்பான். மறதிக்காரியும் இப்படிப் பண்ண மாட்டா. அவளுக்கு ஒருநாள் கூடும், ஒருநாள் கொறையும். இங்க பத்துச் சக்கரம்னா ஆறு, ஆறு சக்கரம்னா அஞ்சு. இம்மி மாறல."

"அதனால?"

"இருவத்திரண்டு வருஷம் ஓட்டினவன் சொல்றேன். பத்துச் சக்கர வண்டியில பாரம் ஏத்தினா முன் சக்கரத்து மேல ஆறு டன்னு நிக்கும். ஆறு சக்கரத்துல அஞ்சு. இந்த எடையெல்லாம், முன் சக்கரம் மேடைய விட்டு எறங்கினப்புறம் எடுத்த எடை."

அவள் அவரையே பார்த்தாள்.

"நீ கை காட்டிட்டே. அவன் கெளம்பிட்டான். அதுக்கப்புறம் எடுத்திருக்கு."

"நான் அமுக்கிட்டுத்தான் கை காட்டுவேன்! ஒன்பது வருஷமா!"

"நீ அமுக்கினே. நான் இல்லங்கல. அது எப்போ எடுத்துச்சு?"

சீட்டம்மா மொட்டையின் சீட்டை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

*

வியாழக்கிழமை கம்ப்யூட்டர்காரத் தம்பி வந்தான். மூன்றாவது, நான்காவது கேமரா போட. எங்களுக்கு அந்த வாரம் முதுகு ஒடிகிற வேலை. கோடை மழை பிடித்துக்கொண்டது. குடோன் கூரையில் பாதி ஒழுகல். இருக்கிற காய்ந்த இடத்தில் எண்பது மூட்டைதான் அடுக்கலாம். மீதியைச் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில் போட்டிருந்தோம். தீவனம் கேட்டு லாரி வந்தால் தீவனம் கொட்டகையில் இருக்கும். லாரி கொட்டகைக்குப் போகாது, அதை இங்கே கொண்டுவர இடம் வேண்டும். அதனால் முதலில் சோளத்தை இங்கிருந்து அங்கே தூக்கணும், அப்புறம் தீவனத்தை அங்கிருந்து இங்கே தூக்கணும். தூக்கி முடிப்பதற்குள் சோளம் கேட்டு அடுத்த லாரி நிற்கும். காலையிலிருந்து முந்நூறு மூட்டை தூக்கியிருப்போம். லாரியில் ஏறினது முப்பது இருக்காது. சும்மாடு நனைந்து, தலையில் ஈரச் சோளத்தின் புளித்த வாடை. மேஸ்திரி கத்துவார்: "என்னடா பண்றீங்க காலைலேருந்து?" என்ன பண்ணினோம் என்று எங்களுக்கே சொல்லத் தெரியாது.

மழைக்கு ஒதுங்கி எடை அறை வாசலில் நின்றேன். தம்பி ஏணியில் ஏறிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே பெட்டி கறக் கறக் என்றது. அந்த விளக்கு அணையவில்லை.

"தம்பி, இந்த விளக்கு எதுக்கு?"

"உள்ள டிஸ்க்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம்ணே."

"எந்நேரமும் எரியுதே. அவ்ளோ வேலையா செய்யுது?"

அவன் இறங்கிவந்தான். சிரிப்பா சலிப்பா என்று தெரியாத ஒரு முகம். "வேலை செய்யலண்ணே. தூக்கித் தூக்கி வெக்குது. இதுல மெமரி ரெண்டு ஜிபிதான். வேலை நடக்கணும்னா எல்லாம் மெமரிக்குள்ள இருக்கணும். எடை, சரக்குக் கணக்கு, வைரஸ், கேமரா, எல்லாத்துக்கும் அதுல எடம் இல்ல. அதனால இப்ப தேவையில்லாதத தூக்கி டிஸ்க்குல கொண்டுபோய் வெக்கும். கேட்டா திருப்பிக் கொண்டாரும். டிஸ்க்கு இருக்கே, அது ரொம்ப மெதுவு. கொண்டுபோறதும் கொண்டாறதுமே சரியாப்போயிடும்."

நான் சாலைக்கு அந்தப் பக்கம் கொட்டகையைப் பார்த்தேன். மழையில் எங்கள் ஆள் இருவர் தலையில் மூட்டையோடு எதிரெதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சோளம், ஒருவர் தீவனம்.

"கேமரா ஓடும்போது எடை வேலை எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"வெளிய தூக்கிப் போட்டிருக்கும்."

"சீட்டம்மா பட்டனை அமுக்கினா?"

"எடை வேலைய உள்ள கொண்டாரணும். அதுக்கு முன்னாடி கேமராவுல பாதிய வெளிய தூக்கணும். அப்புறம்தான் அவங்க அமுக்கினதையே அது பார்க்கும்."

"பார்த்ததும் எந்த எடைய எடுக்கும்? அவ அமுக்கினப்ப இருந்ததா, அது பார்க்கிறப்ப இருக்கிறதா?"

தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அது பார்க்கிறப்ப இருக்கிறது," என்றான் மெதுவாக.

மேசையில் சீட்டம்மா பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எழுந்து வந்தாள்.

"இது உனக்குத் தெரியுமா?"

"எடை தப்பா போகும்னு தோணலக்கா, சத்தியமா. மெமரி பத்தாதுன்னு ஆறு மாசம் முன்னாடியே மொதலாளிகிட்ட சொன்னேன். 'ஓடுதுல்ல?'ன்னார். ஓடுதுன்னேன். 'அப்ப ஓடட்டும்'னுட்டார்."

"ஓடுதுல்ல," என்றாள் அவள். நான்காவது கேமராவை மாட்டிவிட்டு அவன் போனான்.

*

சனிக்கிழமை மதியம் மொதலாளி மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். நாற்காலியைச் சுற்றிப் பார்த்தான், உயரம் கூடுமா குறையுமா என்று. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மேடைக்கு வெளியே நாலு லாரி நின்றது. முதல் வண்டியில் மொட்டை.

சீட்டம்மா எழுந்து நின்றாள். "மொதலாளி, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வண்டி நீங்க எடை போடணும்."

"நானா? நான் எதுக்கு?"

"இது உங்க மேடை. ஒரு தடவையாச்சும் ஒக்காருங்க. நம்ம தண்ணி லாரி நெறைஞ்சு நிக்குது. அதோட எடை உங்களுக்கே தெரியும்."

"பதினாறு எண்ணூத்தி நாப்பது," என்றார் மொதலாளி. தன் பொருள் எதையும் அவர் மறக்கமாட்டார். "யாரு ஓட்டுறது? தண்ணி லாரிக்காரன் சாப்பிடப் போயிட்டானே."

தண்ணீர் லாரியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சீட்டம்மாவின் புருஷன் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையால் தன் காலையே தூக்கிப் படியில் வைத்தார். ஏறி உட்கார இரண்டு நிமிஷம் ஆயிற்று. மொட்டை தன் வண்டியிலிருந்து குதித்து உதவிக்கு ஓடினான். "போடா, நான் ஏறுவேன்," என்று ஒரு சத்தம்.

லாரி மேடையில் ஏறியது. இரண்டு வருஷம் விட்டுப்போன கை. ஆனாலும் ஒரு குலுங்கல் இல்லாமல் நடு மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு எண் ஆடி அடங்கியது. 16,840.

"நான் செய்யற மாதிரியே செய்யுங்க," என்றாள் சீட்டம்மா. "பட்டனை அமுக்குங்க. அமுக்கிட்டு சன்னல்ல கை காட்டுங்க."

"இதென்ன பெரிய வித்தை," என்று மொதலாளி அமுக்கினார். இடது கையை வெளியே நீட்டி இரண்டு தட்டு. டிரைவர் கியரைப் போட்டார்.

திரை நின்றது. கறக் கறக்.

"வரலியே."

மொதலாளி மறுபடி அமுக்கினார். கேமராக்கள் நாலும் பார்த்துக்கொண்டிருந்தன. லாரி நகர்ந்தது. சிவப்பு எண் குறைய ஆரம்பித்தது. "ஏய், நிறுத்தச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே மூன்றாம் தடவை ஓங்கி அமுக்கினார். கை காட்டியாயிற்று, டிரைவருக்கு அந்தக் கைதான் வேதம். அவர் பாட்டுக்கு மேடையை விட்டு இறங்கினார்.

பிரிண்டர் கரகரத்தது. ஒரு சீட்டு. இன்னொரு சீட்டு. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது.

சன்னலுக்கு வெளியே நின்ற மொட்டை கையை விட்டு மூன்றையும் உருவி உரக்கப் படித்தான். "பதினொண்ணு அறுநூத்தி நாப்பது. அடுத்ததும் அதேதான். மூணாவது..." அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இருவது கிலோ! மொதலாளி, இருவது கிலோ தண்ணி லாரின்னா சொல்லுங்க, நான் தோள்ல போட்டுட்டுப் போறேன்!"

வெளியே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சினன் நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

மொதலாளி சீட்டுகளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பதினொரு பழைய சீட்டையும் சீட்டம்மா அவர் முன்னால் வைத்தாள். பென்சில் எழுத்து தெரியும்படி கவிழ்த்து வைத்தாள்.

"கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு போல," என்றார் மொதலாளி.

"வயசாகல மொதலாளி. எடம் பத்தல. எல்லாத்தையும் அதுக்குள்ளயே திணிச்சா அது என்ன பண்ணும்?" என்றாள் சீட்டம்மா. "எனக்கும் ஒண்ணும் ஆகல. என் கை சுத்தம். அத மட்டும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. அப்புறம் யாரு வேணும்னாலும் ஒக்காரட்டும்."

மொதலாளி அவளைப் பார்க்கவில்லை. கைப்போனை எடுத்தார். அதில் இந்த அறையே தெரிந்தது. நாங்கள் எல்லாரும் சின்னச் சின்னதாக நின்றோம், அவர் முதுகு உட்பட. அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"திங்கக்கெழமை நேரத்துக்கு வந்துடு. அந்தப் பையனக் கூப்பிட்டு அது என்ன எழவோ, அதப் போடச் சொல்றேன்."

சுத்தம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. லாரிகளைத் தாண்டிப் போகும்போது மொட்டை வழிமறித்து, "மொதலாளி, சீட்டம்மா கணக்கு நேர்தானே?" என்று கேட்டான். "ஆமாய்யா, ஆமா. வண்டிய எடு," என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அவள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டிரைவரை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் நாலு நாள் அவர் படுத்தே கிடந்தார். மகள் சமைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

*

திங்கட்கிழமை காலை தம்பி வந்து பெட்டியைக் கழற்றினான். பையிலிருந்து ஒன்றை எடுத்தான். விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு, அதில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள்.

"இவ்ளோதானா?" சீட்டம்மா அதை உள்ளங்கையில் வாங்கினாள். எடை போடுகிறவள் அல்லவா, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். "முப்பது கிராம் கூட இருக்காது போலிருக்கே."

"இருக்காதுக்கா."

"இதுக்கா ஆறு டன்னு."

அவன் அதைச் செருகிப் பெட்டியை மூடினான். ஓடவிட்டான். கேமரா, சரக்குக் கணக்கு, காவல்காரன் எல்லாம் எழுந்தன. கறக் கறக் இல்லை. விளக்கு எப்போதாவது ஒருமுறை கண்சிமிட்டியது. அவ்வளவு சத்தம் கேட்ட அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் புதிதாகக் கேட்டது.

கூரையை அடைக்க அன்றைக்கும் ஆள் வரவில்லை. நாங்கள் கொட்டகைக்கும் குடோனுக்கும் நடந்துகொண்டிருந்தோம். மேடையைக் கடந்துதான் போகவேண்டும். மேடையில் லாரி நின்றால், அது கிளம்புகிறவரை மூட்டையோடு நிற்கணும்.

முதல் வண்டியாக மொட்டை ஏறினான். சிவப்பு எண் அடங்கினதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் அமுக்கினாள். விரல் எழுவதற்குள் பிரிண்டர் சீட்டைத் துப்பிவிட்டது. அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஆனால் கை வரவில்லை.

சீட்டைப் பிடித்து எண்ணைப் படித்தாள். சின்னப் பெட்டியின் சிவப்பு எண்ணைப் பார்த்தாள். எட்டிப்பார்த்து, வண்டியின் முன் சக்கரம் மேடைமேல்தான் நிற்கிறதா என்று பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

மொட்டை ஹாரன் அடித்தான். "என்ன சீட்டம்மா, மறுபடி ஹேங்கா?"

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். என் தலையில் ஈரச் சோளம் ஐம்பது கிலோ இருந்தது. கழுத்து விண்ணென்று தெறித்தது. நானும் கூடவே எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

கை வெளியே வந்தது.